கீஃப்ரேம்: விசைச்சட்டகம் அல்ல, கணு

விசைச்சட்டகம் என்ற சொல்லை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளில் எழுத்தை முப்பரிமாணத்தில் அசைக்கச் சொல்லித்தரும் பாடங்களில், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தமிழ் திடீரென்று விறைத்துக்கொள்கிறது: "சுழற்சிப் பண்பிற்கு ஒரு விசைச்சட்டகத்தை உருவாக்கவும்." கீஃப்ரேமைத்தான் சொல்கிறார்கள். அதே ஆள் வேலை செய்யும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "அந்த இடத்துல ஒரு கீ போடு" என்றுதான் சொல்வார்.

முதலில் பொருள். ஒரு சொல் திரும்பியபடியே வந்து நம்மைப் பார்த்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம், அதாவது சட்டகம். 0ஆம் பிரேமில் அது ஒய் அச்சில் 90 பாகை திரும்பியிருக்கிறது. தடிமன் கொடுக்காத எழுத்தென்றால் அப்போது கண்ணுக்கே தெரியாது. 24ஆம் பிரேமில் 0 பாகை, நேராக நிற்கிறது. இந்த இரண்டு மதிப்புகளை மட்டும் நாம் பதிந்தால் போதும். நடுவில் உள்ள 23 பிரேம்களில் சொல் எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும் என்பதை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். நாம் பதிந்த அந்த மதிப்புதான் கீஃப்ரேம். நேரத்தைக் காட்டும் பட்டையான டைம்லைனில் அது ஒரு சின்னச் சாய்சதுரம்.

கீஃப்ரேம் என்ற சொல் அசைபடங்களைக் கையால் வரைந்த காலத்திலிருந்து வருகிறது. தலைமை ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். உதவியாளர்கள் இடைப்பட்ட படங்களை வரைந்து நிரப்புவார்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் இந்த வேலைப் பிரிவினை இல்லாமல் சமாளிப்பது கடினம். அந்த உதவியாளர் வேலையைக் கணினிக்குக் கொடுத்தவர்களில் முன்னோடிகள் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் இருவரும். 1970களின் தொடக்கத்தில் செய்த அந்த வேலைக்காக 1997இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது பெற்றார்கள். ஆங்கிலத்தில் 'கீ' என்றால் இங்கே முக்கியமானது, மற்றதெல்லாம் சார்ந்து நிற்பது. 'ஃபிரேம்' பிலிம் சுருளின் ஒரு கட்டம். பிறப்பு அவ்வளவுதான்.

சரி, இதில் விசை எங்கே வந்தது? விசைப்பலகையிலிருந்து. கீபோர்டு விசைப்பலகை என்றால் கீ விசைதானே, அப்புறம் கீஃப்ரேம் விசைச்சட்டகம்தானே என்ற கணக்கு. மொழிபெயர்ப்பவர் சொல்லின் பொருளைத் தேடவில்லை, சொற்பட்டியலில் அதன் எழுத்துக்கூட்டைத் தேடியிருக்கிறார்.

ஆங்கிலக்காரர் ஒரே 'கீ'யை எங்கெல்லாமோ போட்டு உழக்குகிறார். தமிழ் அப்படிச் செய்ததில்லை. பூட்டைத் திறப்பது திறவுகோல். ஆர்மோனியத்தில் விரல் வைப்பது கட்டை. பாடுகிறவர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்பதையும் 'நாலு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்றுதான் சொல்கிறோம். தேர்வு முடிந்ததும் வெளியாவது விடைக்குறிப்பு. தட்டச்சில் அழுத்துவது விசை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்த மொழியில், கீஃப்ரேமுக்கு மட்டும் அழுத்தும் பொத்தானின் பெயரை ஏன் ஒட்டவேண்டும்? அதில் அழுத்த என்ன இருக்கிறது?

இன்னும் சிலர் சாவிச்சட்டகம் என்று எழுதுகிறார்கள். தனித்தமிழ் ஆர்வத்தில் எழுதுபவர்களும் இதைச் செய்வதுதான் வேடிக்கை. சாவி போர்ச்சுகீசியச் சொல்.

விசைச்சட்டகத்தின் பெரிய கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி இயற்பியலில் விசை என்றால் ஒரு பொருளைத் தள்ளுவது, இழுப்பது. அசைவைப் பற்றிய பாடத்தில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாணவர் மனம் அங்கேதான் போகும். எழுத்து மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, மெல்ல நிற்க வேண்டுமானால் அதற்கு, வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வேக வரைகோட்டை வளைக்க வேண்டும். அது இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவில் நடக்கும் சங்கதி. 'விசைச்சட்டகம்' என்று கற்றவர், எழுத்தை வேகமாகத் தள்ள இன்னொரு விசைச்சட்டகம் சேர்க்கலாம் என்று நினைத்தால் அவர்மேல் பிழையில்லை. கீஃப்ரேமைக் கூட்டக் கூட்ட அசைவு வேகமாவதில்லை, குதிக்கத்தான் தொடங்கலாம். "கலைச்சொல் ஒருமுறை நிலைத்துவிட்டால் மாற்றக்கூடாது, சீர்மை முக்கியம்" என்பார்கள். விசைப்பலகைக்கு அது பொருந்தும். அதை யாரும் தொடவில்லை. நிலைக்காத ஒன்றை நிலைத்துவிட்டதாகச் சொல்லிக் காப்பாற்றுவது சீர்மை ஆகாது.

முதன்மைச் சட்டகம் என்பவர்களோடு எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. பொருளைப் பார்த்துச் செய்த சொல். கையால் வரையும் படத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மென்பொருளில் கீஃப்ரேம் என்பது பிரேமே அல்ல. முப்பரிமாண எழுத்துக்கு இடம் மூன்று அச்சில், சுழற்சி மூன்று அச்சில், அளவு மூன்று அச்சில், அப்புறம் தடிமன், ஒளிபுகாமை என்று எத்தனையோ பண்புகள். 12ஆம் பிரேமில் ஆழத்துக்கு ஒரு கீ இருக்கும், சுழற்சிக்கு ஒன்றும் இருக்காது. அப்போது 12ஆம் பிரேம் முதன்மையா, இல்லையா?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளில் எழுத்து அசைவு அமைக்கும் முறையைப் பார்த்தால் இது இன்னும் உடைபடும். அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாக கீ போடுவதில்லை. எழுத்து இப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, வரியின் எந்தப் பகுதிக்கு அது பொருந்தும் என்ற வரம்பை மட்டும் 0 விழுக்காட்டிலிருந்து 100 வரை நகர்த்துகிறோம். கீ இரண்டுதான். முதல் கீயில் எந்த எழுத்தும் அசையத் தொடங்கவில்லை, இரண்டாவதில் எல்லாம் முடிந்துவிட்டது. பார்க்க அழகான படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக எழுத்து நிமிரும் படங்கள், எல்லாம் கீ இல்லாத இடத்தில் நடக்கின்றன. இதில் முதன்மை எது?

என் பரிந்துரை கணு. மூங்கிலைப் பாருங்கள்: தண்டு முழுக்க ஒன்றுபோல ஓடினாலும், கணு வரும் இடத்தைக் கையால் தொட்டே சொல்லிவிடலாம். காலில் பாதம் மடங்கும் இடத்துக்கும் கணுக்கால் என்றுதான் பெயர். அசைவு திசை மாறுகிற, வேகம் மாறுகிற, நிற்கிற இடங்களில்தானே நாமும் கீ போடுகிறோம்? இதைவிட நல்லது, தாவரவியல் பாடத்தில் இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள பகுதிக்குக் கணுவிடை என்ற சொல் தயாராக இருக்கிறது. உதவி ஓவியர் வரைந்தது, இன்று மென்பொருள் கணக்கிடுவது, எல்லாம் கணுவிடை. மதிப்பை அடுத்த கணுவரை அப்படியே பிடித்துவைத்து அங்கே சட்டென்று மாற்றும் வகையை நிறுத்தக்கணு எனலாம். முக்கியமாக, "இங்கே ஒரு கணு போடு" என்று வாயால் சொல்ல முடியும். விசைச்சட்டகத்தைப் போட முடியாது, 'உருவாக்க'த்தான் முடியும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும், அது நியாயமானதும்கூட. கணினித் துறையில் 'நோட்' என்பதைச் சிலர் கணு என்று எழுதுகிறார்கள். பிளெண்டர், நியூக் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெட்டி, அதுதான் நோடு; அவற்றை இணைத்துத்தான் பல வேலைகள் நடக்கின்றன. ஒரே திரையில் இரண்டும் கணு என்றால் குழப்பம்தான். அங்கே பெட்டிகளைக் கம்பியால் கோப்பதால் முடிச்சு என்று சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். நோடின் லத்தீன் மூலத்துக்கும் முடிச்சு என்றுதான் பொருள். வீடியோவைச் சுருக்கும்போது பேசப்படும் கீஃப்ரேம் வேறு கதை. அது உண்மையிலேயே ஒரு முழுப் படம், அதை அடுத்து வருபவை பெரும்பாலும் மாற்றங்களை மட்டும் சுமப்பவை. அதை முழுச்சட்டகம் என்றால் சண்டையே இல்லை.

கணு பிடிக்காவிட்டால் கீஃப்ரேம் என்றே எழுதுங்கள். கடன் வாங்கிய சொல் பொருளைக் கெடுக்காது, தப்பான தமிழ்ச்சொல் கெடுக்கும். மென்பொருளைத் திறந்தே பார்க்காமல் பட்டியலை வைத்துப் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2007இல் சேர்ந்த, எழுத்துகளைத் தனித்தனியாக முப்பரிமாணமாக்கும் வசதியை 'ஒவ்வொரு பாத்திரத்திற்கும் முப்பரிமாணம்' என்று ஒரு பாடத்தில் படித்தேன். 'கேரக்டர்' கதாபாத்திரம் ஆகிவிட்டது. எழுத்து என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மொழிபெயர்த்தவருக்கே அடுத்த கேள்வி எழுந்திருக்கும், தமிழ் எழுத்தை மென்பொருள் எப்படி எண்ணுகிறது என்று. 'கொக்கு' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடுகள். தமிழ் தெரியாத கருவியிடம் கொடுத்தால் ககரம் ஒரு நொடியிலும் புள்ளி அடுத்த நொடியிலுமாகத் தனித்தனியே சுழன்று வரும். அதைப் பற்றித்தான் அந்தப் பாடம் எச்சரித்திருக்க வேண்டும்.