லாரிப் புகையில் கண்ணுக்குத் தெரியாதது

புளியரை மலைப்பாதையில் ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குக் கரும்புகையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டீசல் முழுதாக எரியக் காற்று போதாதபோது மிஞ்சும் கரித்துகள்தான் அந்தக் கறுப்பு. ராதாபுரம் பக்கக் குவாரி வண்டிகளுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். கல்தூசி ஏர் பில்டரை அடைக்கும், உள்ளே போகும் காற்று குறையும். பழைய மெக்கானிக்கல் பம்போ தன்பாட்டுக்கு அதே அளவு டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும். மேட்டில் இழுவை வேண்டுமென்று பட்டறையில் டீசல் அதிகம் வரும்படி பம்பைக் கூட்டியும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, புகைச் சான்றிதழ் தரும் இடத்தில் எதைப் பார்க்கிறார்கள்? என்ஜின் சூடானதும், நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்வார்கள். சைலன்சர் வாயில் செருகிய குழாய், புகையைக் கருவிக்குள் கொண்டுபோகும். அங்கே 43 சென்டிமீட்டர் நீளப் புகையைத் தாண்டி ஒளி மறுமுனைக்குப் போக வேண்டும். பாதி ஒளி மறைந்துபோனால் கருவி 50 என்று காட்டும். பிஎஸ்-4, அதாவது பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளின் நான்காம் படிக்குத் தயாரான லாரிக்கு அதுதான் எல்லை. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. சில தடவை மிதித்துச் சராசரி எடுப்பார்கள். சைலன்சரில் படிந்து கிடக்கும் கரி முதல் மிதிகளிலேயே வெளியே வந்துவிடும் என்பதால், கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டிவிட்டு வருகிறவருக்கு ரீடிங் குறைவாக வரும். இதில் தில்லுமுல்லு ஒன்றுமில்லை, என்ஜின் சூடாக இருக்க வேண்டும் என்பதே விதிதான்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஒளியை மறைப்பது மட்டும்தான் தெரியும். என்ஜினுக்குள் வெப்பம் ஏற ஏற, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. சைலன்சரிலிருந்து வரும்போது அதில் பெரும்பங்கு நிறமில்லாத வாயு. இதைக் குறைக்கத்தான் இ.ஜி.ஆர். வால்வு, வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே திருப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்து சூடு தணியும். பதிலுக்குக் கரி கூடும். இப்போது ஒரு தகட்டை வைத்து அந்த வால்வை அடைத்துவிட்டால்? கரி குறைந்து ரீடிங் முன்பைவிட நன்றாகவே வரும், நைட்ரஜன் ஆக்சைடு எகிறியிருக்கும். நுரையீரலுக்குக் கெடுதல் செய்துகொண்டே சான்றிதழ் வாங்கிவிடலாம் என்பது இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 லாரிகளில் விஷயம் இன்னும் நுணுக்கம். டிபிஎப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்துவைக்கும். ஏடிப்ளூ, அதாவது டிரைவர்கள் 'யூரியா' என்று ஊற்றும் திரவம், சூட்டில் அம்மோனியாவாகப் பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். திரவத்தில் யூரியா 32.5 சதவீதம். அந்த அளவில்தான் அது மைனஸ் 11 டிகிரி வரை உறையாமல் இருக்கும். நெல்லையில் அந்தக் கவலை நமக்கில்லை. கேனை வெயிலில் போட்டால் கெட்டுப்போகும் என்பதுதான் கவலை. உர மூட்டையைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனையும் உதவாது. வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. அதோடு மற்ற கலப்புகளும் சேர்ந்து, திரவத்தைத் தெளிக்கும் நாசிலை அடைத்து, நைட்ரஜன் ஆக்சைடை மாற்ற உதவும் வினையூக்கியையும் பாழாக்கிவிடும்.

யூரியா தீர்ந்தால் இழுவையைக் குறைப்பது கம்ப்யூட்டரின் வேலை. சிலர் அதற்குப் பொய்த் தகவல் கொடுக்கும் குட்டிப் பெட்டியை மாட்டுகிறார்கள். கறுப்பு வராததால் ஒளிச்சோதனையில் அது சிக்காது. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு.

டிபிஎப்பை வெட்டி எறிகிறவர்களின் புகார் மட்டும் நியாயமானது: அது அடைத்துக்கொள்கிறது. பிடித்த கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். குவாரிக்கும் கிரஷருக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதேயில்லை. நான்குவழிச் சாலையில் லோடோடு நிற்காமல் ஓட்டினாலோ, பட்டறையில் ஸ்கேனர் மாட்டிக் கட்டாயமாக எரிக்க வைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்பிறகும் அடைத்தால் டிபிஎப்பைத் தொடாமல் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் ஆயில் கசிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.