பனியுடைக்கும் கப்பலும் 48 மணி நேரமும்

கப்பல் கட்டும் யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு முதல் வாரத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டைக் காட்டுவேன். 55 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் சதுரம், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. குளிரில் இரும்பு அடி தாங்குமா என்று பார்க்கும் சார்பி டெஸ்டுக்கான துண்டு. சாதாரணச் சூட்டில் ஊசல் சுத்தியல் பட்டால் வளைந்து, நார் நாராகக் கிழியும். மைனஸ் 60 டிகிரிக்குக் குளிர வைத்து, வெளியே எடுத்த ஐந்து விநாடிக்குள் அடித்தால், தரம் போதாத இரும்பு பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்துவிடும். உடைந்த முகம் சர்க்கரை தூவியதுபோல் மினுங்கும்.

துருவக் கடலுக்குப் போகும் கப்பலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஐஸ்பிரேக்கர், அதாவது பனியுடைக்கும் கப்பல், மூக்கால் குத்திப் பனியை உடைப்பதில்லை. சாய்வான முன்பக்கத்தால் பனிமேல் ஏறி, தன் எடையால் அழுத்தி உடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த அடி முழுவதும் பிளேட்டிலும், அதற்குப் பின்னால் விலா எலும்புபோல் நெருக்கமாக நிற்கும் ஃபிரேம்களிலும், இரண்டையும் சேர்க்கும் வெல்டிலும் இறங்கும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கனரக ஐஸ்பிரேக்கர் போலார் ஸ்டார், 1976இல் பணியில் சேர்ந்தது. முன்பக்கத் தகடு சுமார் 44 மில்லிமீட்டர் தடிமன். அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்குச் சரக்குக் கப்பல்கள் போக வழி வெட்டித் தருவது அதுதான். அதன் ஜோடிக் கப்பலான போலார் ஸீ 2010இல் எஞ்சின் பழுதாகி நின்றது. பிறகு அதிலிருந்து பாகங்களைக் கழற்றிக் கழற்றித்தான் போலார் ஸ்டாரை ஓட்டினார்கள். 2019 ஜனவரியில் பனிக்கு நடுவே புரொப்பல்லர் தண்டின் சீல் வழியாக உள்ளே தண்ணீர் வர, முக்குளிப்பவர்கள் உறைபனி நீரில் இறங்கி அடைத்தார்கள்.

இந்தப் பழைய கப்பலுக்கு மாற்றாகப் புதியவை கட்ட 2019 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா யார்டுக்கு ஒப்பந்தம் தந்தார்கள். முதல் கப்பலின் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்துச் சுமார் 74.6 கோடி டாலர். 460 அடி நீளம். 2024இல் கைக்கு வரும் என்றார்கள். இப்போது 2030 என்கிறார்கள். நடுவே யார்டும் கைமாறியது. அப்போது சிங்கப்பூரின் எஸ்டி இன்ஜினியரிங் குழுமத்திடம் இருந்ததை 2022இல் பொலிஞ்சர் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. மூன்று கப்பலுக்குச் சுமார் 510 கோடி டாலர் ஆகலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2024இல் கணக்குச் சொன்னது.

தாமதம் என்றதும் அரசியல், பணம் என்று பேசுகிறோம். அரசுத் தணிக்கையாளர்கள் சுட்டிக்காட்டியவை வேறு. வரைபடம் முடியவில்லை. இந்த வகை இரும்பில் அந்த யார்டுக்குப் பழக்கமில்லை. அமெரிக்காவிலேயே கனரக ஐஸ்பிரேக்கர் கட்டிக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது. அன்று வெல்டிங் செய்த கைகள் ஓய்வுபெற்றுப் போய்விட்டன. என்னைக் கேட்டால் முழுச் சிக்கலும் இதுதான்.

பழக்கமில்லை என்றால் என்ன நடக்கும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு யார்டில், பனிக்கடலுக்குப் போகும் சிறிய கப்பலின் முன்பக்க பிளாக், அதாவது தனியாகக் கட்டிப் பிறகு கப்பலில் ஏற்றிச் சேர்க்கும் பகுதி. மழை இரவு. ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் ஓவனிலிருந்து எடுத்த வெல்டிங் ராட் கட்டு, டப்பாவுக்குள் போகாமல் வெளியே கிடந்திருக்கிறது. வெல்டிங்குக்கு முன் பிளேட்டுக்குக் கொடுக்கும் சூடு, ப்ரீஹீட், ஒரு பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவி வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிளாக்கை ஏற்ற வேண்டும் என்று போர்மேன் அவசரப்படுத்தினார். 48 மணி நேரம் ஆகட்டும் அண்ணே என்றேன். மூன்றாம் நாள் அதே இடத்தில், வெல்டின் ஓரத்தில், ஒரு கை நீளத்துக்கு விரிசல். ராட்டில் ஏறிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், குளிர்ந்த பிறகு மெதுவாகத் தன் வேலையைக் காட்டியது. அந்த பிளாக் ஏறியிருந்தால், அந்த விரிசல் பெயின்டுக்கு அடியில் பனிக்கடலுக்குப் போயிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால்தான் பாஸ்ககூலாவில் 2023இல் எடுத்த ஒரு முடிவை நான் மதிக்கிறேன். முழுக் கப்பலில் கை வைக்குமுன் எட்டு பிளாக்குகளை மட்டும் கட்டிக் கை பழக்கினார்கள். கொஞ்சம் பிந்தி வந்த புத்திதான், ஆனாலும் சரியான புத்தி.

கனடா வேறு வழியில் போனது. அவர்களுடைய லூயி எஸ். செயின்ட் லாரன்ட் 1969ஆம் வருஷக் கப்பல். மாற்றுக் கப்பலை 2008இலேயே அறிவித்துவிட்டு இழுத்துக்கொண்டே போனார்கள். கியூபெக்கின் டேவி நிறுவனம் 2023இல் ஹெல்சிங்கி யார்டையே வாங்கியது. 2025இல் கிடைத்த ஆர்டருக்கு ஹல்லை, அதாவது கப்பலின் உடலை, அங்கே கட்டி, மிச்ச வேலையைக் கியூபெக்கில் முடிப்பதாகத் திட்டம். பின்லாந்தில் பால்டிக் கடல் வருஷா வருஷம் உறைவதால் ஐஸ்பிரேக்கர் வேலை விட்டுப்போகவில்லை. வெல்டர்களுக்குக் கை மறக்கவும் இல்லை.

நம் ஊர்களிலிருந்து வெல்டராகவும் ஃபிட்டராகவும் வெளிநாட்டு யார்டுகளுக்குப் போகும் தம்பிகள் இதைப் படித்தால், நான் கேட்பது இவ்வளவுதான். ராட்டை டப்பாவிலிருந்து தேவைக்கு மட்டும் எடுங்கள். ப்ரீஹீட்டைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறித்த சூட்டில் உருகும் சாக்பீஸ் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். மழை வந்து வெல்டிங்கைப் பாதியில் நிறுத்தினால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அன்று மூன்றாம் நாள் நான் நேராக அந்த ஓரத்துக்குப் போனதற்குக் காரணம், இரவு ஷிப்ட் வெல்டர் ஒருவர் பிளேட்டில் சாக்பீஸால் எழுதியிருந்த இரண்டு வார்த்தைகள்: 'மழை, 2.40'.