முதலாளிக்காகச் செய்யப்படும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரச் சிறு, நடுத்தர நிறுவனங்களில் உள்தணிக்கை செய்யும்போது, பணத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டவரைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அந்தப் பணம் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும், தடம் இருக்கும். தனக்கென ஒரு சென்கூட எடுக்காமல் நிறுவனத்தின் நன்மைக்காகவே பொய்க்கணக்கு எழுதியவரைப் பிடிப்பதுதான் கடினம். வங்கிக் கடனைப் புதுப்பிப்பதற்காக ஜனவரி விற்பனைக்கு டிசம்பர் தேதியில் இன்வாய்ஸ் போடுவது, சுங்க அறிவிப்பில் சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டுவது, அந்நியத் தொழிலாளர்களின் ஓவர்டைம் மணிகளைக் குறைத்து எழுதுவது ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் நீண்ட காலமாக அங்கேயே இருப்பவர். விடுப்பு எடுக்கத் தயங்குபவர். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒருவர்.

எலிசபெத் அம்ஃப்ரெஸ், ஜான் பிங்கம், மேரி மிட்செல் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருந்துகிறது. நிறுவனத்தோடு தன்னை ஒன்றாகக் கருதுபவர் எல்லாரும் இத்தகைய தவற்றுக்குத் துணிவதில்லை. பெற்ற நன்மைக்குக் கைம்மாறு செய்தே தீரவேண்டும் என்ற எண்ணமும் வலுவாக உள்ளவர்களிடம்தான் அந்தத் துணிவு கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். செஞ்சோற்றுக் கடனைப் பெருமையாகப் பேசி வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. முதலாளி சீனத் தவுக்கேயாக இருந்தாலும் நம்மவராக இருந்தாலும், மனைவியின் அறுவை சிகிச்சைக்குக் கேட்காமலே பணம் கொடுத்தவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சம்பள முன்பணம் தந்தவர் என்றால், அந்தக் கடன் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் மனத்தில் மட்டும் நிற்கிறது. அத்தகைய முதலாளி குற்றம் செய்யும்படி ஒருபோதும் சொல்வதில்லை. “எப்படியாவது முடிச்சிடுங்க அண்ணே” என்கிறார். எப்படி முடிந்தது என்று பிறகு கேட்பதுமில்லை. என் கணிப்பில், அந்தக் கேட்காமையே பாதிக் குற்றம்.

சட்டம் இந்த நன்றியுணர்வைப் பொருட்படுத்துவதில்லை. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனத்துக்கு வணிகமோ அனுகூலமோ கிடைப்பதற்காக அதன் ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகிறது. லஞ்சத்தொகையின் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமோ, பொறுப்பான இயக்குநர்களுக்கு 20 ஆண்டு வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கொடுத்த ஊழியரும் தனியே வழக்கைச் சந்திப்பார். ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் புகைவெளியீட்டு மோசடியில் 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்த பொறியாளர் ஜேம்ஸ் லியாங், 1983 முதல் அந்த நிறுவனத்தில் உழைத்தவர்.

2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க நிறுவனத்திடம் தகவல் தருபவரைத்தான் காக்கிறது. விசுவாசமான ஊழியரோ அந்தப் படியை மிதிப்பதைத் துரோகமாக நினைப்பவர் என்பதால், அவர் மனம்விட்டுப் பேசும் வழி நிறுவனத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். விசாரணையின்போது “எவ்வளவு எடுத்தீர்கள்?” என்று கேட்டால் அவர் புண்பட்டு வாயை மூடிக்கொள்வார், “இதை எந்தத் தேதிக்குள் முடிக்கச் சொன்னார்கள்?” என்று கேட்டால், அதைச் சாதனையாகவே கருதுவதால், பெரும்பாலும் முழுவதையும் சொல்லிவிடுவார்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது அத்தகைய ஊழியருக்குத் தொடர்ச்சியாக ஒரு வாரக் கட்டாய விடுப்புக் கொடுத்து, அவருடைய வேலையை வேறொருவர் பார்க்கும்படி செய்யுங்கள் என்பதுதான் முதலாளிகளிடம் நான் முதலில் வைக்கும் யோசனை. அவர்கள் அதிகம் தயங்குவதும் இதற்குத்தான். அவர் இல்லாமல் ஒரு நாள்கூட அலுவலகம் ஓடாது என்று முதலாளி பெருமையாகச் சொன்னால், நான் தணிக்கையை அந்த மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.