ஸ்கேனரில் எண்ணைப் பார்த்ததும் கடைக்கு ஓடாதீர்கள்

மழைக்காலம் வந்தாலே எங்கள் பட்டறைக்கு எஞ்சின் உதறும் கார்கள் வரிசையாக வருகின்றன. கடைசியாக வந்த பெட்ரோல் காரைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐடிலிங்கில் எஞ்சின் உதறுகிறது, மேடேறும்போது இழுவை இல்லை. உரிமையாளர் ஆர்வமுள்ள இளைஞர். எஞ்சின் கணினியில் பதிவான பழுது எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி (ஸ்கேனர்) ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறார். பி0171 என்று வந்திருக்கிறது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். உடனே, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாக வாங்கி மாட்டிவிட்டார். உதறல் அப்படியே இருந்தது. கூடவே வந்த பி0302 என்ற எண்ணை, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை (மிஸ்ஸிங்) என்பதை, அவர் பொருட்படுத்தவே இல்லை.

இரண்டாம் சிலிண்டரில் பொறி விடும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை எடுத்தோம். பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றது. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேலேயே பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். காயிலின் ரப்பர் உறையில் பொறி கசிந்து ஓடிய கருங்கோடு தெளிவாகத் தெரிந்தது.

எத்தனை பேரிடம் சொன்னாலும் இது மனதில் பதிய மாட்டேன் என்கிறது: ஸ்கேனர் எண் பழுதான பாகத்தின் பெயர் அல்ல. எஞ்சின் கணினிக்குத் தென்பட்ட அறிகுறி மட்டுமே. இந்தக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சிலிண்டரில் பொறி விழவில்லை. உள்ளே போன காற்று எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வருகிறது. அதிலுள்ள ஆக்சிஜனைச் சென்சார் பார்க்கிறது, 'காற்று அதிகம்' என்கிறது. அதன் பக்கத்திலேயே எரியாத பெட்ரோலும் போவது அதற்குத் தெரியாது. சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் அந்த எண்ணே வந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டால், புதியதும் அதையேதான் சொல்லும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும், பெட்ரோல் பம்பில் அழுத்தம் குறைந்தாலும் இதே பி0171 வரலாம். தயவுசெய்து எண்ணைப் பார்த்துப் பாகம் வாங்காதீர்கள்.

இதைவிட வருத்தமான செய்தி, அந்த இளைஞர் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும்போதும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டும். மின்னினால் ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டையே உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. அவருக்கு ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கன்வர்ட்டர் வரை போய்விட்டது.

வீட்டிலேயே பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பாருங்கள். முதலில் உதறல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்: குளிர்ந்த எஞ்சினிலா, ஏசி போட்டாலா, மழைக்குப் பிறகா? எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஆடாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டைச் சந்தேகிக்கலாம். முள்ளும் சேர்ந்து துள்ளினால் மிஸ்ஸிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து எலி கடித்த வயர், கழன்ற ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவற்றைத் தேடுங்கள். நம் ஊரில் எலி கெடுத்த வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல.

பி0301 முதல் பி0304 வரை எண் வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது. சிலிண்டர் தெரிந்துவிட்டால், எஞ்சின் ஆறிய பிறகு அந்தக் காயிலையும் பக்கத்துச் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி, எண்களைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றியபின் பி0302 இப்போது பி0303 ஆகிவிட்டால் காயில்தான் குற்றவாளி. செலவே இல்லாத சோதனை இது. எண் நகரவில்லையா? பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள். பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். மரை போனால் எஞ்சின் தலையையே கழற்ற நேரலாம். குழியில் எண்ணெய் இருந்தால் எஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு கவர் கேஸ்கட்டைக் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது காயிலை உருவிப் பார்க்கும் பழைய பழக்கத்தை அடியோடு விடுங்கள். பல்லாயிரம் வோல்ட் பாயும் இடம் அது. உங்களுக்கும் ஆபத்து, காயிலுக்கும் கேடு. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. துப்பட்டா, தொங்கும் வேட்டி நுனி எதுவும் அருகில் வேண்டாம். எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும்.

காயில், பிளக் இரண்டையும் மாற்றியும் எண் அதே சிலிண்டரிலேயே நின்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) பார்க்கப் பட்டறைக் கருவிகள் வேண்டும். வரும்போது பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்துவிட்டு வராதீர்கள். பழுது பதிவான நொடியில் இருந்த ஆர்பிஎம், சூடு எல்லாம் அதோடு அழிந்துபோகும். குறித்துவைத்த எண்களையும் கழற்றிய பழைய பாகங்களையும் கையோடு கொண்டுவாருங்கள்.