ஆப் உருவாக்கக் கற்க வீடியோ பாடம் வாங்குமுன் ஒரு மணி நேரச் சோதனை

மொபைல் ஆப், கணினி மென்பொருள் செய்யக் கற்றுத்தரும் வீடியோ பாடங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் பிள்ளைகள் பலர் ஆர்வத்தோடு இதில் இறங்குகிறார்கள். பெற்றோரும் யோசிக்காமல் காசு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தொடங்கியவர்களில் பலர் நான்காம், ஐந்தாம் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள். சோம்பல் என்று திட்டுவது எளிது. பெரும்பாலும் காரணம் வேறு: வீடியோவில் ஆசிரியர் வைத்திருக்கும் கருவியின் வெர்ஷன் ஒன்று, மாணவரின் கணினியில் இறங்கியது வேறொன்று. ஆசிரியர் தட்டியதை எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழை வந்து நிற்கும். புதியவருக்குத் தன்மேல்தான் சந்தேகம் வரும், பாடத்தின்மேல் வராது.

ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரின் குரல், படத்தின் தெளிவு, எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்தப் பாடத்தின் நிரல் (கோட்) இன்று உங்கள் கணினியில் ஓடுமா என்பதுதான் முதல் கேள்வி.

இந்தத் துறையில் பாடங்கள் எவ்வளவு சீக்கிரம் பழசாகின்றன என்பதற்கு ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் ஆப் செய்யும் ஃப்ளட்டரைப் பாருங்கள். 2021 மார்ச்சில் ஃப்ளட்டர் 2 வந்தபோது நல் சேஃப்டி (மதிப்பில்லாத மாறியால் வரும் பிழையை முன்பே தடுக்கும் விதி) சேர்ந்தது. 2023 மேயில் வந்த டார்ட் 3 (ஃப்ளட்டரின் நிரல்மொழி), நல் சேஃப்டி இல்லாத நிரலை ஏற்பதே இல்லை. 2019, 2020இல் எடுத்த பாடத்தின் நிரல் அப்படியே இன்று ஓடாது. கண்டுபிடிப்பது கடினமல்ல: ஆசிரியரின் திரையில் ரெய்ஸ்ட் பட்டன், ஃப்ளாட் பட்டன் என்ற பெயர்கள் தெரிந்தால் பழைய பாடம். இப்போது இருப்பவை எலிவேட்டட் பட்டன், டெக்ஸ்ட் பட்டன்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கூகுள் 2019இல் கோட்லினை முதன்மை மொழியாக்கியது. 2021 ஜூலையில், திரையைக் கோட்லினிலேயே அமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் 1.0 வந்தது. ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இன்று எம்ப்டி ஆக்டிவிட்டி என்பதைத் தேர்ந்தால் கம்போஸ் திட்டம்தான் திறக்கும். பழைய பாடத்தில் அதே பெயரைத் தேர்ந்ததும் திரை அமைப்பை எழுதும் எக்ஸ்எம்எல் கோப்போடு திட்டம் திறக்கும். மாணவர் அந்தக் கோப்பைத் தேடித் தேடி, அது இல்லாமல், முதல் நாளே மனம் விட்டுவிடுவார். பழைய முறைக்கு இப்போது எம்ப்டி வியூஸ் ஆக்டிவிட்டி என்று தனிப் பெயர். இந்த ஒரு வரி தெரிந்தால் ஒரு வாரம் மிச்சம்.

ஐஃபோன் பக்கம், 2022இல் வந்த ஐஓஎஸ் 16இலிருந்து திரைக்குத் திரை போக உதவும் நேவிகேஷன் வியூவின் இடத்தை நேவிகேஷன் ஸ்டேக் பிடித்துவிட்டது. மொபைல் ஆப் எழுதும் கருவியான சாமரினுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 மே 1ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொடவே வேண்டாம், அதன் வாரிசான டாட்நெட் மாவிக்குப் போங்கள். கணினி மென்பொருளில் எலக்ட்ரான் (வலைப்பக்க மொழிகளால் மென்பொருள் செய்யும் கருவி) படிப்பவர்கள், 2021இல் வந்த எலக்ட்ரான் 12க்கு முந்தைய பாடமா என்று பாருங்கள். அந்தப் பதிப்பில்தான், பக்கத்தின் நிரலைத் தனியே பிரித்துவைக்கும் பாதுகாப்பு அமைப்பான கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. பழைய பாடத்தின்படி எழுதினால் 'ரிக்வயர் வரையறுக்கப்படவில்லை' என்ற பிழைதான் பதிலாக வரும். ஆசிரியர் அதைச் சரிசெய்யப் பாதுகாப்பு அமைப்பையே அணைக்கச் சொன்னால் அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். ஜாவாவில் மென்பொருளின் திரைகளைச் செய்யும் ஜாவா எஃப்எக்ஸும் இதே கதைதான்: 2018இல் வந்த ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் தொகுப்பு) 11 முதல் அது ஜாவாவோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும்.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று பாடத்தின் முகப்பில் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சின்ன வீடியோவைச் சேர்த்தாலே அந்தத் தேதி மாறிவிடக்கூடும். இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கும் முன்னோட்டத்தில், கருவியை நிறுவும் பாடத்தைத் திறந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். திரையில் வெர்ஷன் எண் எங்கேயாவது தெரியும். அடுத்து, ஆசிரியர் நிரலைக் கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள். வைத்திருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார், மாணவர்கள் போட்ட புகார்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறாரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு அந்த நிரலை அப்படியே இறக்கி ஓட்டிப் பாருங்கள். பாடத்தைத் தொடங்கும் முன்பே ஓட்டுங்கள் என்பதுதான் முக்கியம். ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. ஓடாவிட்டால் பிழையைப் படியுங்கள். ஆண்ட்ராய்டில் அடிக்கடி வருவது ஜேடிகே பொருத்தமின்மை: நிரலை ஆப்பாகக் கட்டித்தரும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.0 முதல் ஜேடிகே 17 வேண்டும், பழைய ஜாவா 8, 11 போதாது. இப்படி ஒரு அமைப்பை மாற்றித் தீர்கிற பிழை என்றால் பாடத்தை ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர், கொஞ்சம் பழைய பாடம் என்றால் பாடத்தில் உள்ள அதே வெர்ஷனை நிறுவிக்கொண்டும் படிக்கலாம். ஃப்ளட்டருக்கு எஃப்விஎம், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோடுக்கு என்விஎம் என்று வெர்ஷன் மாற்றும் கருவிகள் அதற்காகவே இருக்கின்றன. அடிப்படைகள் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போவதில்லை.

கடைசி இருபது நிமிடத்தில் ஆசிரியரைக் கவனியுங்கள். பிழையே வராமல், ஒத்திகை பார்த்து வந்தவர்போல் கடகடவென்று தட்டிக்கொண்டே போகிறாரா? பார்க்க அழகாக இருக்கும், கற்பதற்கு ஆகாது. நல்ல பாடத்தில் ஆசிரியர் பிழையை வரவழைப்பார், ஆண்ட்ராய்டின் செய்திப் பதிவான லாக்கேட்டைத் திறப்பார், நீளமான பிழைச் செய்தியில் எந்த வரி நம்முடையது என்று காட்டுவார், நிரலை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்து மாறியின் மதிப்பைப் பார்ப்பார். வேலைக்குப் போனபின் தினமும் செய்யப்போவது இதைத்தான். இதைக் காட்டாத நாற்பது மணி நேரப் பாடத்தைவிட, காட்டுகிற எட்டு மணி நேரப் பாடம் மேல்.

பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். பொத்தான், நிறம், பட்டியல் என்று பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு, வெளியிடும் கட்டம் வந்ததும் 'வாழ்த்துகள்' என்று முடித்துவிடும் பாடங்கள் ஏராளம். ஆண்ட்ராய்டு பாடத்தில் ஆப் உங்களுடையது என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவியை உருவாக்கிப் பாதுகாப்பது இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களுக்கு ப்ளே ஸ்டோர் கேட்கும் ஆப் பண்டில் (பதிவேற்றும் கோப்பு வகை) இருக்க வேண்டும். கூகுளின் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரு முறை. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் ப்ளே கணக்கென்றால், ஆப்பை வெளியிடுமுன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். இதைச் சொல்லாத பாடத்தை நம்பி, 'அடுத்த வாரம் ப்ளே ஸ்டோரில் வரும்' என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கணினி மென்பொருளில் இன்னும் மோசம். கையொப்பமில்லாத நிறுவிக் கோப்பைத் திறந்தால் விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை காட்டும். மேக்கில் ஆப்பிளின் நோட்டரைசேஷன் (ஆப்பிள் சோதித்துத் தரும் ஒப்புதல்) இல்லாமல் எளிதில் திறக்காது. நிறுவிக் கோப்பு செய்வதைப் பற்றி ஒரு பாடமாவது இல்லாத டெஸ்க்டாப் பயிற்சி அரைகுறைதான்.

தென்னாப்பிரிக்காவில் இருந்து படிப்பவர்களுக்கு டேட்டா ஒரு பெரிய செலவு. கணக்கு எளிது: விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்கு 450 எம்பி தின்னும். சினிமாவுக்கு 480பி போதும், நிரல் எழுத்துக்குப் போதாது. கமாவும் புள்ளியும் ஒன்றாய்த் தெரியும். 720பி வைத்துக்கொள்ளுங்கள், 1080பி தேவையில்லை. ஆனால் பலர் மறந்துவிடுவது கருவிகளின் எடையை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எஸ்டிகே (ஆப் செய்யும் கருவித் தொகுப்பு), கணினியில் ஃபோன்போல ஓடும் எமுலேட்டரின் சிஸ்டம் இமேஜ், கிரேடில் இறக்கும் நூலகங்கள் எல்லாம் சேர்ந்து முதல் நாளே பல ஜிபி போய்விடும். ப்ரீபெய்ட் பேக்கேஜில் நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லும் டேட்டா சேர்ந்திருந்தால் அதற்குப் பயன்படுத்துங்கள். எமுலேட்டருக்குப் பதில் யூஎஸ்பி வயரில் உங்கள் சொந்த ஃபோனை இணைத்து ஓட்டினால் சிஸ்டம் இமேஜே இறக்க வேண்டாம். கணினியில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது என்றால் இதுதான் ஒரே நிம்மதியான வழி. மின்சாரம் போகும் பகுதியில் இருப்பவர்கள், பாடத்தை ஆப்பில் இறக்கிவைத்துப் பார்க்க வசதி உண்டா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களின் நேரலை வகுப்பில் சேருகிறவர்கள் மணியைக் கணக்கிடுங்கள். அங்கே மாலை ஏழு என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை. வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. பதிவு செய்த வீடியோ கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். தமிழில் அடிப்படையைப் புரிந்துகொண்டு, ஆங்கிலப் பாடத்துக்குப் போவது நல்ல வழிதான். பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும்.

ஆனால் எந்த ஆங்கிலப் பாடமும் சொல்லித்தராத ஒன்று தமிழ் எழுத்து. பயிற்சிக்கு, எல்லாரும் செய்யும் பணிப்பட்டியல் ஆப்புக்குப் பதிலாக, தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் ஆப் ஒன்று செய்து பாருங்கள்: பெயர், தொலைபேசி எண், பாற்குடமா காவடியா, அவ்வளவுதான். கூட்டத்தில் நெட்வொர்க் கிடைக்காது, ஆகவே ஃபோனிலேயே சேமித்துப் பிறகு அனுப்ப வேண்டும். அங்கேயே உள்தரவுத்தளம் கற்றாயிற்று. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கோட்லினிலோ டார்ட்டிலோ கேட்டால் குறிகளையும் தனியே எண்ணி 5 என்று வரும், ஐஃபோன் நிரல்மொழியான ஸ்விஃப்டில் 3 வரும். பெயரை எட்டு எழுத்தோடு வெட்டுங்கள் என்று நிரல் எழுதினால் கோட்லினில் புள்ளியும் கொம்பும் பாதியில் அறுந்துவிடும். டார்ட்டில் கேரக்டர்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தினால் சரியாக எண்ணும். பிடிஎஃப் செய்யும் நூலகங்கள் சிலவற்றில் கொ, கே எல்லாம் உதிர்ந்து வரும், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை அவை செய்வதில்லை. அச்சடிக்குமுன் சோதியுங்கள். பிறருடைய விவரத்தைச் சேகரிக்கிறீர்கள் என்பதால் இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவும் பொருந்தும்; தேவையில்லாமல் அடையாள எண் கேட்காதீர்கள்.

காசு செலவில்லாமலே தரமான பாடம் உண்டு. கூகுளின் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்', ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஐஃபோன் ஆப் பாடமான சிஎஸ்193பி, மைக்ரோசாஃப்ட் லேர்ன் மூன்றும் இலவசம். சிஎஸ்193பிக்கு மேக் வேண்டும், ஐஃபோன் ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடு வேறெதிலும் ஓடாது. டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பாடங்கள் வேண்டவே வேண்டாம்: பெரும்பாலும் பழைய வெர்ஷன், கேள்வி கேட்க ஆளில்லை, ஜிப் கோப்பில் வைரஸ் வரும் அபாயம் வேறு.

வீடியோ முடித்ததும் கிடைக்கும் சான்றிதழ், தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான எஸ்ஏகியூஏ பதிவு செய்த தகுதி ஆகாது. 'அங்கீகாரம் பெற்றது' என்று விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், எஸ்ஏகியூஏ தளத்தில் தேடுங்கள். சான்றிதழைவிட, கிட்ஹப்பில் நீங்களே எழுதிய ஒரு ஆப் அதிகம் பேசும்.

வீடியோ பாடம் விற்கும் தளமான யூடெமியில் வாங்குவதென்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், அடிக்கடி வரும். வெளிநாட்டு மின்சேவைக்கு இங்கே 15 சதவீத வாட் உண்டு. விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் திரையில் பாருங்கள். 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டாலோ இறக்கிவிட்டாலோ மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே முதல் மூன்று பகுதிகளைச் சொந்தக் கையால் தட்டி ஓட்டிவிடுங்கள். முழுப் பாடத்தையும் ஃபோனில் இறக்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.