பிளாக்கிங்கா, சார்ஜிங்கா? கால் நொடியில் நடுவர் எதைப் பார்க்கிறார்

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தோடு ஒருவர் கூடையை நோக்கிப் பாய்கிறார். குறுக்கே இன்னொருவர் வந்து நிற்கிறார். நெஞ்சும் தோளும் மோத, இருவரும் தரையில். தவறு தாக்குபவர் மீது என்றால் அது சார்ஜிங். பந்து எதிரணிக்குப் போய்விடும், பெரும்பாலும் புள்ளி கிடையாது. தடுப்பவர் மீது என்றால் பிளாக்கிங். ஷாட் விழுந்திருந்தால் அந்தப் புள்ளியும் சேரும், கூடவே தடுப்பாரின்றி எறியும் ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். கூடைப்பந்தில் நடுவர்கள் அதிகம் திட்டு வாங்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

“தடுத்தவர் அசையாமல் நின்றாரா?” என்றுதான் பார்ப்பவர்கள் கேட்பார்கள். விதிப் புத்தகம் அப்படிக் கேட்பதே இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி, தடுப்பவர் எதிராளியைப் பார்த்தபடி இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிவிட்டால் போதும், அந்த இடம் அவருடையது. அதன் பிறகு அவர் பக்கவாட்டில் நகரலாம், பின்வாங்கலாம், நேராக மேலே குதிக்கலாம், அடியைத் தாங்க உடம்பைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். எதிராளி மீது பாயத்தான் கூடாது. மோதல் நெஞ்சில் விழுந்தால் பெரும்பாலும் சார்ஜிங். அவர் நீட்டிய காலிலோ இடுப்பிலோ பட்டால், உடம்பு இன்னும் பாதைக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். “நகர்ந்துகொண்டுதானே இருந்தான்!” என்று அரங்கமே கத்தும்போதும் நடுவர் சொன்னது சரியாக இருக்கலாம்.

பந்து இல்லாதவரின் குறுக்கே வருவதானால், அவர் நிற்கவோ திரும்பவோ ஓரிரு எட்டு இடம் விட வேண்டும். பந்து வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. எந்த நொடியிலும் எவராவது குறுக்கே வருவார் என்று அவர் எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

சிக்கல் அவர் குதிக்கும்போதுதான் தொடங்குகிறது. கால் தரையை விட்ட பிறகு அவரால் பாதையை மாற்ற முடியாது. அதனால் அவர் எழும்பிய பிறகு அந்தப் பாதைக்குள் யாரும் நுழையக் கூடாது. இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 60 செ.மீ. உயரம் குதிப்பவர் உச்சிக்குப் போக ஏறக்குறைய 0.35 நொடி ஆகும். அதற்குள் தடுப்பவர் ஓர் எட்டு வைத்து, நிமிர்ந்து, சிலை மாதிரி நின்றுவிட முடியும். மோதும் கணத்தை மட்டும் பார்த்தவருக்கு அது அப்பட்டமான சார்ஜிங்காகத் தெரியும். உண்மையில் அது பிளாக்கிங்.

ஆக, நடுவர் தீர்ப்பது மோதலை அல்ல, வரிசையை. ஒருவரின் கால் தரையை விட்டது முதலிலா, மற்றவரின் உடம்பு பாதைக்கு வந்தது முதலிலா? இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. கண்ணின் கூர்மையான பார்வைப் பகுதியோ மிகச் சிறியது. போதாக்குறைக்கு மூளையும் ஒரு வேலை செய்கிறது. நாம் கவனம் வைத்திருக்கும் இடத்தில் நடப்பது, கவனிக்காத இடத்தில் அதே நேரத்தில் நடப்பதைவிடச் சற்று முன்பே நடந்ததுபோல் தோன்றும். உளவியலாளர் எட்வர்ட் டிட்செனர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை ஒரு விதியாக எழுதிவைத்தார். பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகருக்குத் தாக்குபவர் முன்னதாகவே எழும்பிவிட்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நடுவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம், பந்தை விடு, தடுப்பவரைப் பார் என்பது. அவர் எப்போது வந்து ஊன்றினார் என்பதை முன்பே பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழும்பும் உடம்பு பெரிய அசைவு, அதை ஓரக்கண்ணே பிடித்துவிடும். மூளையின் அந்தச் சாய்வு அப்போது தடுப்பவர் பக்கம் திரும்பாதா என்று கேட்டால், திரும்பலாம்தான். ஆனால் அவர் அரை நொடி முன்பே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டவருக்குச் அந்தச் சிறு சாய்வு ஒரு பொருட்டில்லை.

கூடைக்கு நேர் கீழே வரிசைக் கணக்கும் மாறுகிறது. அங்கே ஃபீபா 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் வரைந்திருக்கிறது. அதற்குள் கால் வைத்திருக்கும் தடுப்பவர் மீது, காற்றில் இருப்பவர் ஷாட் போடும்போது மோதினால், கையையோ காலையோ தவறாகப் பயன்படுத்தாதவரை சார்ஜிங் கிடையாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் இந்த வளைவு 1997-98 பருவத்தில் வந்தது, ஆரம் 4 அடி. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடுவருக்கு இப்போது தடுப்பவரின் குதிகால் என்று மூன்றாவது ஓர் இடமும் சேர்ந்துவிட்டது.

எந்தக் கணத்துக்குள் தடுப்பவர் வந்திருக்க வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஃபீபாவில் தாக்குபவரின் கால் தரையை விடும் கணம். என்பிஏவில் அவர் பந்தோடு மேல்நோக்கிய அசைவைத் தொடங்கும் கணம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2023-24 முதல், எழும்புவதற்காகக் கடைசிக் காலை ஊன்றும் கணம். ஒரே மோதலின் காணொளியை மூன்று நடுவர்களிடம் கொடுத்தால், மூவரும் தத்தம் விதிப்படி சரியாகவே பார்த்தும் வெவ்வேறு தீர்ப்புச் சொல்லலாம்.