தேங்காயெண்ணெய் உறையும் ஊரில் குழாய் அடைத்தால்

நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காலையில் தலைக்கு வைக்க எடுத்தால் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் எண்ணெய் சொட்டாது. அடுப்போரம் கொஞ்சநேரம் வைக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் படும் ஜன்னலில். அந்தப் போத்தலுக்கும் வீட்டுக்குக் கீழே மண்ணுக்குள் ஓடும் கழிவுக் குழாய்க்கும் உள்ள தொடர்பு ஒரு தீபாவளிக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முறுக்கும் வடையும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றி, பின்னாலேயே ஒரு கேத்தல் கொதிநீரும் ஊற்றிவிட்டோம். நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் கொமட்டில் தண்ணீர் மேலே ஏறி நின்றது. எங்கள் வீட்டில் குசினித் தண்ணீரும் மலசலகூடத் தண்ணீரும் ஒரே நாலு இஞ்சிக் குழாயில் சேர்ந்து கீழ்ப் பாத்தியில் இருக்கும் குழிக்கு இறங்குகின்றன. பயத்தில் கோஸ்டிக் சோடாவை வாங்கி வந்து கொட்டினேன். ஒன்றும் அசையவில்லை. மறுநாள் பைப் வேலை செய்யும் பாஸ் வந்தார். கையில் மூங்கில் சிம்பு ஒரு கட்டு. வந்தவர் மூடியைத் தொடவில்லை.

"என்னென்ன ஊத்தினீங்கன்னு முதல்ல சொல்லுங்க தம்பி. அதுக்கப்புறம்தான் தொறப்பேன்" என்றார்.

சொன்னேன். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு வீட்டோரத்து மேன்ஹோலைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர். படிக்கட்டில் இறங்கிக் கல்கட்டுக்குக் கீழே இருந்த இரண்டாவது மேன்ஹோலைத் திறந்தார். காய்ந்து கிடந்தது. இரண்டே மூடிகளைத் திறந்ததில், அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது. கீழ் மேன்ஹோலிலிருந்து சிம்பை மேல்நோக்கி விட்டார். மூன்றடியில் முட்டியது. இழுத்தபோது நுனியில் மெழுகுவர்த்தி உருகி உறைந்ததுபோல ஒரு வெள்ளைக் கட்டி. உள்ளே கறுப்புக் கறுப்பாகத் தேயிலைச் சக்கை. ஒரு பழைய டின் மூடியில் அதை வைத்துச் சுடுதண்ணீர் விட்டேன். ஒரு நிமிடத்தில் எண்ணெயாக மிதந்தது, முறுக்கு வாசத்தோடு.

தேங்காயெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 24, 25 பாகை செல்சியஸில். அதற்குக் கீழே போனால் உறையும். மண்ணைச் சில அடி தோண்டினால் பகல், இரவு வித்தியாசம் அங்கே எட்டாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே மண் இருக்கும். நுவரெலியாவில் அது 16 பாகை அளவு. அதாவது எங்கள் குழாய் வருஷம் முழுக்க ஒரு குளிர்ப்பெட்டிக்குள் கிடக்கிறது. கொழும்பில் 27 பாகை மண்ணில் வழிந்து போகிற அதே எண்ணெய் இங்கே குழாய்ச் சுவரில் ஒட்டி உறைகிறது. கண்டி நடுவில் இருக்கிறது. அங்கே தை மாதத்துக் குளிரில் உறையும், சித்திரையில் இளகும்.

இப்போது அந்தக் கேத்தல் கொதிநீர் என்ன செய்தது என்று பாருங்கள். சிங்க்குக்குக் கீழே எண்ணெயை உருக்கியது உண்மை. ஆனால் கொதிநீர் போகப் போகச் சூட்டைக் குழாய்க்கும் மண்ணுக்கும் கொடுத்துக்கொண்டே போகிறது. முப்பது, நாற்பது அடி தாண்டியதும் எண்ணெய் மறுபடி உறைகிறது. கையெட்டும் இடத்தில் இருந்த அடைப்பை எட்டாத இடத்துக்குத் தள்ளி விட்டதுதான் மிச்சம். சிங்க்குக்கு நேர் கீழே உள்ள வளைவு மட்டும் அடைத்திருந்தால் சுடுதண்ணீர் நல்ல வைத்தியம், அதிலும் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து விட்டால். ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் 80 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும், கொமட்டின் பீங்கான் திடீர்ச் சூட்டில் வெடிக்கும்.

கோஸ்டிக் சோடா ஏன் தோற்றது? தோற்கும் பொருளே அல்ல அது. தண்ணீரில் கரையும்போதே சூடாகும், கொழுப்பைப் பிளந்து சவர்க்காரமாக்கும், தலைமுடியின் புரதத்தையும் கரைக்கும். ஆனால் அதற்கு அடைப்பைத் தொட வேண்டுமே. எங்கள் குழாய் முழுக்கத் தண்ணீர் நின்றது. மேலே கொட்டியது அத்தனை தண்ணீரிலும் கலந்து நீர்த்துப்போய், நாற்பதடி தள்ளியிருந்த கட்டிக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்திருந்தாலும் ஆபத்துண்டு. கோஸ்டிக்கும் தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் வருவது கட்டிச் சவர்க்காரம். குளிரில் அதுவே இறுகி இன்னொரு அடைப்பாகலாம். அப்புறம், அந்தத் தண்ணீர் குழிக்குப் போனால் அங்கே கழிவைச் செரிக்கிற பக்டீரியாக்களையும் கொல்லும். பாதி அடைத்து மெதுவாக வடிகிற குளியலறைக் குழாய்க்கு, அதுவும் முடி சிக்கியது என்று தெரிந்தால், கொஞ்சமாகப் போடலாம். முழுக்க அடைத்த குழாய்க்குப் போடவே கூடாது. அடுத்து மூடியைத் திறக்கப்போகிறவரின் முகத்தில் தெறிக்கும். பாஸ் முதலில் கேள்வி கேட்டது அதனால்தான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கோஸ்டிக் வேலை செய்யவில்லையென்று கழிவறை கழுவும் அமிலத்தையும், அதுவும் போதவில்லையென்று குளோரின் திரவத்தையும் அடுத்தடுத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலமும் குளோரின் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தி வைத்த சின்னக் குளியலறையில் அது ஆளையே கொன்றுவிடும். ஒன்று ஊற்றியாயிற்றென்றால் இரண்டாவதைத் தொடாதீர்கள். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றச் சொல்வார்களே, அதில் வருவது கரியமில வாயு நுரை. பார்க்கப் பெரிதாகப் பொங்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து முடிந்ததும் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். கொழுப்புக் கட்டி அதற்கெல்லாம் அசையாது.

சரி, கட்டி ஏன் சரியாக அந்த மூன்றடியில் போய் உட்கார்ந்தது? ஒரு தட்டையான பீங்கான் தட்டைச் சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்து விடுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய, வேகமான ஒரு வட்டம். அதைத் தாண்டியதும் தண்ணீர் திடீரென்று தடித்து மேடாகி மெதுவாக நகரும். அந்த மேட்டுக்கு நீர்த்தாவல் என்று பெயர். மலைச்சரிவில் இறங்கும் குழாயிலும் இதேதான். வேகமாக வந்த தண்ணீர், குழாய் சமதரைக்குத் திரும்பும் அடிவளைவில் வேகத்தைத் தொலைக்கிறது. வேகம் போனால் தூக்கி வந்ததைக் கீழே போட்டுவிடும். நாலு இஞ்சிக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி சரிவு என்றால் கழிவும் தண்ணீரும் சேர்ந்தே போகும். நம் ஊரில் பாத்தி பாத்தியாக வெட்டிய நிலத்தில் அந்தச் சரிவு எங்கே கிடைக்கிறது? கல்கட்டில் விழுந்தடித்து இறங்கும், பாத்தியில் தவழும். தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் அடிவளைவில் தங்கும். கொழுப்பு அவற்றுக்குச் சீமெந்து.

கட்டியின் இன்னொரு பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மேல் மேன்ஹோல் கீழேயுள்ளதைவிடப் பதினைந்து அடி உயரம். அத்தனை உயரத்துத் தண்ணீர் அடைப்பை ஒரு சதுர சென்றிமீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தும். நாலு இஞ்சிக் குழாயின் வாய்க்குக் கணக்குப் பார்த்தால் மொத்தம் 37 கிலோவுக்குக் கிட்ட. அடைப்பு விடும் நொடியில் இது அத்தனையும் பாய்ந்து வரும். பாஸ் மேன்ஹோலுக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் நின்றே சிம்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மூங்கில் சிம்பு நல்ல கருவி. நேர்க் குழாயில் அதைப்போல மலிவாக எதுவும் இல்லை. ஆனால் அது துளைதான் போடும், சுவரைச் சுரண்டாது. கூர்மையான வளைவில் ஒடிந்து தானே ஓர் அடைப்பாகிவிடும். எங்கள் வளைவில் அது திரும்ப மறுத்ததும் அவர் ஸ்பிரிங்கை எடுத்தார். எஃகுக் கம்பியை நீளமாகச் சுருட்டிய பாம்பு அது. ஒரு முனையில் திருகினால் அந்த முறுக்கு மறுமுனைவரை போகும், வளைவிலும் போகும். இதற்கு மோட்டார் பூட்டியவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து சாமுவேல் பிளாங்க். துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, கம்பி நுனியில் வெட்டுக் கத்திகளை வைத்து அவர் அந்தக் கருவியைச் செய்தார். அவருடைய எதிரி மர வேர்கள். நம் பக்கத்திலும் யூகலிப்டஸ், மூங்கில் பக்கமாகப் போகும் பழைய குழாய்களின் மூட்டு வழியே வேர் நுழையும். அதை எந்தத் திரவமும் கரைக்காது, வெட்டத்தான் வேண்டும். துணி, பேம்பர்ஸ், மாதவிடாய் அணையாடை போன்றவை விழுந்திருந்தாலும் ஸ்பிரிங்தான். கொக்கி நுனியைப் போட்டு வெளியே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. மோட்டார் ஸ்பிரிங்கைத் துணிக் கையுறையோடு பிடிக்காதீர்கள், கம்பி கையுறையைச் சுருட்டிக் கையையும் சேர்த்து இழுக்கும்.

கொமட் மட்டும் அடைத்து, வீட்டில் மற்ற எல்லாத் தண்ணீரும் போகிறதென்றால் அடைப்பு கொமட்டின் சொந்த வளைவில் இருக்கிறது. ரப்பர்க் கிண்ணம் வைத்த பம்ப் போதும். கிண்ணம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது, அதனால் நம் கைப்பலம் அப்படியே அடைப்புக்குப் போகும். பலர் அழுத்துவதில்தான் குறியாக இருக்கிறார்கள். மேலே இழுக்கும் இழுப்பில்தான் அடைப்பு இளகும்.

வீடு முழுக்கத் தண்ணீர் மெதுவாகப் போய், கீழ் மேன்ஹோலும் நிரம்பியிருந்தால் குற்றம் பெரும்பாலும் குழியில். குளிரில் பக்டீரியாவும் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதனால் மேட்டு ஊர்களில் சேறு சீக்கிரம் சேரும். அதற்குக் குழியை உறிஞ்சி எடுக்கும் உள்ளூராட்சி சபை வண்டி, கலி பவுசர்தான் வழி. ஆடி மழையில் ஊறு குழியைச் சுற்றி மண்ணே நிரம்பி நின்றால் பவுசருக்கும் பலனில்லை, உறிஞ்சின குழி இரண்டு நாளில் நிரம்பும். தண்ணீர்ப் பாவனையைக் குறைத்து மழை விடும்வரை பொறுக்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஐதரசன் சல்பைடு என்ற நச்சு வாயு அங்கே தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இறங்கினவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து விழுகிறார்.

ஸ்பிரிங்கும் துளைதான் போட்டது, சுவரில் படிந்த கொழுப்பு அப்படியே இருந்தது. அதைக் கழுவ உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 1500 முதல் 4000 இறாத்தல் அழுத்தத்தில் வேலை செய்யும் இயந்திரங்கள் உண்டு. குழாய் நுனியில் உள்ள ஓட்டைகள் பின்னோக்கிப் பீய்ச்சும், அந்த உதைப்பில் குழாய் தானே முன்னால் ஏறும். கீழ் மேன்ஹோலில் தொடங்கி மேலே ஏற்றினால் உதிர்ந்ததெல்லாம் சரிவோடு கீழே வந்து சேரும். கொழுப்புக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. நான் உடனே கொண்டுவரச் சொன்னேன். பாஸ் தலையை ஆட்டினார்.

"குழாய் முழுசா இருக்கான்னு பார்த்துட்டு அடிப்போம் தம்பி. மலைக்குள்ள தண்ணி விட்டா மலை சும்மா இருக்காது."

மலையில் மண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய குழாயின் மூட்டுகள் அதோடு விலகும். விலகிய மூட்டில் இந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் அது மண்ணுக்குள் போகும். மண் துணிக்கைகளுக்கு நடுவே தண்ணீர் நிரம்பி அழுத்தினால் அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அது பெருமழையில் நடந்தது, குழாயால் அல்ல. ஆனாலும் தண்ணீர் சரிவுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். ஒழுகும் கழிவுக் குழாய் கல்கட்டின் முதுகில் தினம் தினம் ஊற்றும் மழை.

சோதிப்பது எளிது. மேல் மேன்ஹோலில் இரண்டு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்து ஊற்றினோம். கீழே பிடித்தபோது ஒன்றரை வாளிதான் வந்தது. கல்கட்டின் கீழ்வரிசைக் கற்களுக்கு நடுவே கொஞ்ச நேரத்தில் சிவப்பு கசிந்தது. மழையில்லாத நாளிலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்பதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். மண் வளம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பத்தடியைக் கையாலேயே தோண்டி மாற்றினோம். அடிவளைவில் இருந்த ஒற்றைச் செங்கோண முழங்கையை எடுத்துவிட்டு இரண்டு பாதி வளைவுகளை ஓரடி இடைவெளியில் வைத்தார், தண்ணீர் ஒரேயடியாக முட்டாமல் திரும்புவதற்கு. வளைவுக்கு மேலே திருகு மூடி போட்ட ஒரு வாய். புதுக் குழாய்க்கு அப்புறம்தான் தண்ணீர் அடித்தார்கள். இப்போது பொரித்த எண்ணெய் ஆறி உறைந்ததும் பழைய பால்மா பெட்டிக்குள் வழித்துப் போடுகிறோம், தேயிலைச் சக்கை ரோசாச் செடிக்குப் போகிறது. மறு தீபாவளிக்கு அடுத்த வாரம் அந்த மூடியைத் திருகி டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் நகத்தளவுகூட வெள்ளை இல்லை.